இசைத்தட்டில் வாழும் சிட்டுக்குருவி: எடித் பியாஃப் வாழ்வும் பாட்டும்

கவிஞர் மறைந்தாலும் கவிதை ஏட்டில் நிற்கிறது. சிற்பி மறைந்தாலும் சிலை கல்லில் நிற்கிறது. பாடுவோரின் கலையோ, பாடிய கணத்திலேயே காற்றோடு கரைந்து போகும் இயல்பினது. மனித குலம் பாடத் தொடங்கிய நாள் முதல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை வாழ்ந்த எந்தப் பாடகரின் குரலையும் நாம் இன்று கேட்க இயலாது. 1877ஆம் ஆண்டில் எடிசன் கண்ட ஒலிப்பதிவுக் கருவியும், அதன் பின்னர் பெர்லினர் உருவாக்கிய வட்டவடிவ இசைத்தட்டும் இந்நிலையை மாற்றின. குரலுக்கும் ஓர் ஏடு கிடைத்தது.

அந்த ஏட்டில் தம் வாழ்வையே எழுதிவிட்டுச் சென்றவர் பிரெஞ்சுப் பாடகி எடித் பியாஃப். அவர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகியும், அவருடைய குரல் மொழி அறியாதவர் நெஞ்சையும் அசைக்கின்றது. அவர் பாடிய பாடல்வகை ‘ஷான்சோன்’ எனப்படும். இவ்வகையில் இசை சொல்லுக்கு ஏவல் செய்யும். சொல்லே தலைமை தாங்கும். நம் அகப்பாடல்களில் ஒருவர் கூற்றாகவே பாட்டு அமைவது போல, இப்பாடல்களிலும் ஒரு பாத்திரம் தன் நெஞ்சைத் திறந்து பேசும். எனவே இலக்கியம் பயில்வோர் அறியத்தக்க கலைஞர் இவர் எனக் கருதி, அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

எடித் ஜியோவான்னா காசியோன் என்பது இவருடைய இயற்பெயர். 1915ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். பெல்வில் பகுதியில், ஒரு வீட்டு வாயிலின் நடைபாதையில் பிறந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. அவ்வீட்டில் அதனைக் கூறும் கல்வெட்டும் பதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் பிறப்புச் சான்றிதழ் தெனோன் மருத்துவமனையையே காட்டுகிறது. புகழ்பெற்றோர் வாழ்வில் ஆவணம் ஒன்று கூற, மக்கள் நெஞ்சம் வேறொன்று கூறுவது உலக வழக்கு. தெருவின் குழந்தை தெருவிலேயே பிறந்திருக்க வேண்டும் என்று மக்கள் விரும்பினர் போலும்.

முதல் உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பிறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்ட எடித் கேவல் என்னும் ஆங்கிலேயச் செவிலியரின் நினைவாகவே எடித் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. தந்தை லூயி காசியோன் தெருக்களில் உடலை வளைத்து வித்தை காட்டிப் பிழைத்தவர். தாய் அன்னெத்தா லீன் மார்சா என்னும் பெயரில் பாடித் திரிந்தவர். தாயைப் பெற்ற பாட்டியோ சயீத் பின் முகம்மது என்னும் குடும்பப் பெயர் கொண்டவர். ஆயிஷா என்றும் அழைக்கப்பெற்றவர். அக்குடும்பத்தின் வேர்கள் வட ஆப்பிரிக்காவில் இருந்தன. பிரான்சு நாட்டின் குரல் என்று பின்னாளில் போற்றப்பெற்றவரின் குருதியில் மத்தியதரைக் கடலின் தென்கரையும் கலந்திருந்தது என்பது எண்ணத்தக்கது.

தாய் குழந்தையைப் பேணவில்லை. தந்தை போர்முனையில் இருந்தார். பாட்டியிடம் விடப்பட்ட குழந்தை கவனிப்பாரின்றி வாடியது. விடுப்பில் வந்த தந்தை இதனைக் கண்டு, நார்மண்டிப் பகுதியின் பெர்னே என்னும் ஊரிலிருந்த தம் தாயிடம் குழந்தையை ஒப்படைத்தார். அந்தப் பாட்டி பொதுமகளிர் இல்லம் ஒன்றை நடத்தி வந்தார். ஊரார் இழித்துப் பேசிய அந்தப் பெண்களே இக்குழந்தைக்கு உணவூட்டி, உடை உடுத்தி, தாயன்பு காட்டினர். கருவிழியில் ஏற்பட்ட அழற்சியால் எடித் சில காலம் பார்வை இழந்திருந்தபோது, லிசியூ நகரிலுள்ள புனித தெரேசாவின் தலத்திற்கு அவரை அழைத்துச் சென்று வேண்டிக்கொண்டோரும் அவர்களே. பார்வை திரும்பியது. மருத்துவத்தால் என்பாரும் உளர். வேண்டுதலால் என்பாரும் உளர். பியாஃப் தம் வாழ்நாள் முழுவதும் தெரேசாவிடம் நீங்காத பற்றுக் கொண்டிருந்தார். கடையர் எனப்பட்டோரின் துயரை அவர் பிற்காலத்தில் பாடியபோது அதில் போலிமை சிறிதும் இல்லாதிருந்தமைக்கு இந்த இளமையே காரணம் எனலாம்.

தெருவிலிருந்து அரங்கிற்கு

போர் முடிந்தபின் தந்தை மகளைத் தம்முடன் அழைத்துச் சென்றார். தந்தை வித்தை காட்ட, மகள் தட்டேந்திக் காசு திரட்டினாள். ஒருநாள் பாடவும் செய்தாள். தந்தையின் வித்தையைவிட மகளின் குரலுக்கே மிகுதியான காசு விழுந்தது. பதினைந்து வயதளவில் தந்தையைப் பிரிந்து, பாரிஸ் தெருக்களில் தனியே பாடிப் பிழைக்கத் தொடங்கினார். ஒலிபெருக்கி இன்றி, வண்டிகளின் இரைச்சலுக்கு மேலாக, மாடி வீட்டாரின் செவியில் விழுமாறு பாட வேண்டிய கட்டாயமே அவருடைய குரலுக்கு உரத்தைத் தந்த பயிற்சிக்கூடம் ஆயிற்று.

1933ஆம் ஆண்டில் அவருக்கு மார்செல் என்னும் பெண்மகவு பிறந்தது. இரண்டு வயதில், 1935ஆம் ஆண்டில், மூளை உறை அழற்சி நோயால் அக்குழந்தை இறந்தது. அதன்பின் அவருக்கு மக்கட்பேறு வாய்க்கவே இல்லை. தெருவில் பாடும் பத்தொன்பது வயதுப் பெண்ணொருத்தி தன் ஒரே குழந்தையைப் பறிகொடுத்த அதே ஆண்டின் இறுதியில்தான் அவர் வாழ்வில் திருப்பம் நேர்ந்தது.

சாம்ஸ் எலிசே பகுதியில் ‘ஜெர்னிஸ்’ என்னும் இரவு அரங்கை நடத்தி வந்த லூயி லெப்பிளே என்பவர் தெருவில் அவர் பாடக் கேட்டு வியந்தார். தம் அரங்கில் பாட அழைத்தார். எடித் ஐந்தடிக்கும் குறைவான உயரமும் மெலிந்த உடலும் உடையவர். ஆகவே அவருக்குச் ‘சிட்டுக்குருவிச் சிறுமி’ என்னும் பொருள்பட ‘லா மோம் பியாஃப்’ என்று லெப்பிளே பெயரிட்டார். பாரிஸ் மக்களின் பேச்சு வழக்கில் ‘பியாஃப்’ என்பது சிட்டுக்குருவியைக் குறிக்கும். எளிய கருப்பு ஆடையும் அந்நாளிலேயே அவருக்கு அடையாளம் ஆயிற்று. ஆடையோ அணியோ கண்ணைக் கவராமல், முகமும் கைகளும் குரலும் மட்டுமே அரங்கில் தோன்றவேண்டும் என்பதே அதன் பயன். 1935 டிசம்பரில் பாலிடார் நிறுவனத்திற்காக அவர் தம் முதல் இசைத்தட்டுகளைப் பதிவு செய்தார்.

இன்பம் நெடுநாள் நீடிக்கவில்லை. 1936 ஏப்ரலில் லெப்பிளே தம் இல்லத்தில் கொலை செய்யப்பட்டார். காவல்துறையினர் எடித்தையும் அழைத்து விசாரித்தனர். கொலையில் அவருக்குத் தொடர்பில்லை எனத் தெளிந்தும், செய்தித்தாள்கள் தூற்றின, அரங்குகள் கதவடைத்தன.

ஆசிரியரும் தோழியும்

அந்நிலையில் அவரைக் கைதூக்கி விட்டவர் ரேமோன் அசோ என்னும் பாடலாசிரியர். சொல்லின் பொருளறிந்து பாடவும், உச்சரிப்பைத் திருத்தவும், மேடையில் நிற்கவும் கைகளை அசைக்கவும் அவர் கற்பித்தார். ‘மோம்’ என்னும் அடைமொழி நீங்கி எடித் பியாஃப் என்னும் பெயர் நிலைத்தது. 1937இல் பாரிசின் புகழ்பெற்ற ஏபிசி அரங்கில் அவர் பாடி வெற்றி கண்டார். அசோ எழுதி, மார்கரீத் மொன்னோ இசையமைத்த ‘மோன் லெஜியோனேர்’ என்னும் பாடலின் தட்டு அவ்வாண்டில் பெரும்புகழ் ஈட்டியது.

மொன்னோவைப் பற்றி ஈண்டுச் சில சொற்கள் கூறுதல் தகும். அவர் செவ்வியல் இசை மரபில் முறையாகப் பயின்ற பியானோ கலைஞர். உயர்ந்தோர் இசை என்றும் தெருப்பாட்டு என்றும் பிரித்துப் பேசப்பட்ட இரண்டையும் இணைத்த பாலமாக அவர் விளங்கினார். பெண் பாடலாசிரியரும் பெண் இசையமைப்பாளருமாக இவ்விருவர் சேர்ந்து படைத்த பாடல்கள் அக்கால இசையுலகில் அரிய நிகழ்ச்சியாகும். இரு மரபுகளின் உறவு ஒருவழிப்பட்டதும் அன்று. செவ்வியல் இசையமைப்பாளரான பிரான்சிஸ் பூலாங்க், பியானோவுக்கான தம் பதினைந்தாம் கற்பனைப் படைப்பை 1959இல் பியாஃபுக்குக் காணிக்கையாக்கினார். இசைப்பள்ளியின் வாயிலையே மிதியாத ஒரு பாடகிக்கு இதனினும் பெரிய பட்டம் வேறென்ன வேண்டும்?

போர்க்காலமும் புதுப்பாடலும்

1940ஆம் ஆண்டில் ழான் கொக்தோ என்னும் பெருங்கவிஞர் பியாஃபுக்கென்றே ஒரு நாடகம் எழுதினார். அவ்வாண்டிலேயே பாரிஸ் நகரம் ஜெர்மானியர் கைப்பட்டது. பியாஃப் தொடர்ந்து பாடினார். ஜெர்மனிக்குச் சென்று அங்குச் சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுப் போர்வீரர் முகாம்களிலும் பாடினார். முகாமில் கைதிகளோடு எடுத்துக்கொண்ட புகைப்படங்களைக் கொண்டு போலி அடையாளத் தாள்கள் உருவாக்கப்பட்டு, சிலர் தப்ப உதவியாயின என்று கூறப்படுகிறது. போருக்குப் பின் பகைவரோடு உறவாடிய கலைஞர்கள் விசாரிக்கப்பட்டபோது, பியாஃப் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

போர் முடிந்த 1945இல் அவர் தாமே எழுதிய பாடல் ‘லா வீ ஆன் ரோஸ்’. காதல் வயப்பட்ட கண்ணுக்கு உலகம் ரோசா நிறமாகத் தோன்றுவதை அப்பாடல் கூறும். இசையமைப்பாளராகப் பதிவு பெறாதிருந்தமையால் அதன் இசை லூயிகி என்பவர் பெயரில் பதிவாயிற்று. உடனிருந்தோர் சிலர் அதனைப் பெரிதாகக் கருதவில்லை என்பர். 1946இல் ஒலிப்பதிவு செய்யப்பட்ட அப்பாடல் உலகெங்கும் பரவியது. 1950இல் அமெரிக்க ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் அதனைப் பாடிப் பதிவு செய்தார். 1977இல் கிரேஸ் ஜோன்ஸ் பாப் இசையில் பாடினார். ஒரு பாடல் மொழிதோறும் வகைதோறும் ஆடை மாற்றிக்கொண்டு வாழ்வதற்கு இது தக்க சான்று.

தாம் உயர்ந்ததோடு அமையாது, பிறரையும் உயர்த்துவது பியாஃபின் இயல்பு. ஈவ் மோன்தான், ஷார்ல் அஸ்னாவூர் ஆகியோர் தொடக்க நாட்களில் அவரால் ஆதரிக்கப்பெற்றுப் பின்னாளில் உலகப்புகழ் எய்தினர்.

அமெரிக்காவும் பேரிழப்பும்

1947இல் பியாஃப் நியூயார்க் சென்றார். பாரிசிலிருந்து வருபவள் பட்டும் மின்னும் அணிந்து களிப்பூட்டுவாள் என்று எதிர்பார்த்த மக்களுக்கு, கருப்பு ஆடையில் சோகம் பாடிய சிற்றுருவம் ஏமாற்றம் தந்தது. மனமுடைந்து ஊர் திரும்ப அவர் எண்ணிய வேளையில், இசையமைப்பாளரும் திறனாய்வாளருமான வர்ஜில் தாம்சன் நாளிதழில் அவரைப் போற்றி எழுதினார். செவ்வியல் இசையறிஞர் ஒருவரின் மதிப்பீடு மக்கள் செவியைத் திறந்தது. ‘வெர்சாய்’ என்னும் அரங்கில் அவர் தொடர்ந்து பாடினார். 1956, 1957 ஆகிய ஆண்டுகளில் கார்னெகி மன்றமே அவரை வரவேற்றது.

அமெரிக்காவில்தான் மார்செல் செர்டானுடன் அவர் நட்பு காதலாக முதிர்ந்தது. செர்டான் அல்ஜீரியாவின் சிதி பெல் அப்பேஸ் நகரில் பிறந்து, 1948இல் குத்துச்சண்டையில் உலக வாகையர் ஆனவர். மனைவி மக்கள் உடையவர். 1949 அக்டோபரில் பியாஃபைக் காணவும் சண்டைக்கு ஆயத்தமாகவும் நியூயார்க் நோக்கி அவர் பறந்த விமானம் அசோர்ஸ் தீவுகளில் மலைமீது மோதியது. அதில் இருந்த 48 பேரும் மாண்டனர். உலகப்புகழ் பெற்ற இளம் வயலின் கலைஞர் ஜினெத் நெவூவும் அவர்களுள் ஒருவர். சிபெலியஸ், பிராம்ஸ் ஆகியோரின் படைப்புகளை அவர் வாசித்த சில ஒலிப்பதிவுகள் மட்டும் எஞ்சின. முப்பது வயதில் முடிந்த அவ்வாழ்வு, இசைத்தட்டு இல்லையேல் வெறும் பெயராகவே நின்றிருக்கும்.

செய்தி அறிந்த அன்றிரவும் பியாஃப் மேடையேறிப் பாடினார். தாம் எழுதி மொன்னோ இசையமைத்த ‘இம்ன் அ லாமூர்’ என்னும் காதல் வாழ்த்துப் பாடலைச் செர்டானின் மறைவுக்குப் பின் எழுதியதாகப் பலர் கருதுவர். உண்மையில் அவர் உயிரோடிருந்தபோதே அது எழுதப்பட்டுவிட்டது. 1950இல் அது தட்டில் பதிவாயிற்று. மகிழ்ச்சியில் எழுதிய சொற்களைத் துயரத்தில் பாட நேர்ந்ததே அப்பதிவின் உருக்கத்திற்குக் காரணம். செர்டானின் மனைவி மக்களுக்குப் பின்னாளில் பியாஃப் ஆதரவாக இருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தட்டும் பாட்டும்

பியாஃப் பாடத் தொடங்கிய காலத்தில் இருந்தவை நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டுகள். ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடங்களே பாட இயலும். தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு ஆகிய அனைத்தையும் அம்மூன்று நிமிடத்திற்குள் அடக்க வேண்டும். யாப்பின் கட்டுப்பாடு கவிதைக்குச் செறிவு தருவது போல, தட்டின் கட்டுப்பாடு பாடலுக்குச் செறிவு தந்தது. 1948இல் அமெரிக்காவில் நெடுநேரம் ஓடும் தட்டு வெளிவந்தது. பின்னர் அது ஐரோப்பாவிலும் பரவியது. அதன் பயனாகப் பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் 1955 முதல் பியாஃப் நிகழ்த்திய பாட்டரங்குகள் நெடுந்தட்டுகளாயின. அவற்றில் பாட்டு மட்டுமன்றி மக்களின் கைத்தட்டலும் பதிவாகியுள்ளது.

அவருடைய தட்டுகளில் பல நாட்டு இசையும் கலந்தது. 1957இல் பாடிய ‘லா ஃபூல்’ தென்னமெரிக்க வால்ட்ஸ் மெட்டில் அமைந்தது. 1956இல் பாடிய மோட்டார் சைக்கிள் பாடல் அமெரிக்கப் பாப் பாடலின் பிரெஞ்சு வடிவம். 1959இல் பாடிய ‘மிலோர்’ பாடலை எழுதிய ஜார்ஜ் முஸ்தாக்கி எகிப்தின் அலெக்சாந்திரியாவில் பிறந்தவர். எங்கிருந்து வந்த மெட்டாயினும் அவர் வாயில் புகுந்தபின் அது பாரிஸ் தெருவின் பாட்டாகவே மாறியது.

வருந்தாமை என்னும் பாடல்

1951 முதல் நேர்ந்த சாலை விபத்துகளில் அவர் உடல் நலிந்தது. வலி தணிக்கத் தந்த மார்ஃபின் மருந்து பழக்கமாகி அவரையே விழுங்கத் தொடங்கியது. மதுவும் சேர்ந்தது. கலையின் சிறப்பைக் கூறுமிடத்து இக்கேட்டை மறைத்தல் முறையன்று. போற்றத்தக்க குரலை வாழ்நாளின் பாதியிலேயே உலகம் இழந்தமைக்கு இவையும் காரணங்கள் என்பதை இளையோர் உணர வேண்டும்.

1960 அக்டோபரில், முன்பு பலமுறை திருப்பி அனுப்பப்பட்ட ஷார்ல் துமோன் என்னும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் மிஷேல் வோக்கேருடன் வந்து ஒரு பாடலை வாசித்துக் காட்டினார். நடந்த எதற்கும் வருந்தவில்லை என்னும் கருத்தமைந்த பாடல் அது. நோயுற்றுக் கிடந்த பியாஃப் அதனைத் தம் பாடலாகவே கண்டார். நவம்பரில் ஒலிப்பதிவு செய்தார். கடனில் மூழ்கி மூடப்படும் நிலையிலிருந்த ஒலிம்பியா அரங்கில் ஆண்டிறுதியில் மேடையேறி, அடுத்த சில மாதங்கள் பாடி, அவ்வரங்கைக் காப்பாற்றினார். நிற்கவே இயலாதவர் ஓர் அரங்கை நிமிர்த்தி நிறுத்தினார்.

அப்பாடலுக்கு எதிர்பாராத வேறொரு வாழ்வும் நேர்ந்தது. 1961 ஏப்ரலில், அல்ஜீரியாவுக்கு விடுதலை தருவதை எதிர்த்துத் தளபதிகள் சிலர் நடத்திய கிளர்ச்சி தோற்றது. அதில் பங்கேற்றுக் கலைக்கப்பட்ட அயல்நாட்டுப் படைப்பிரிவின் வான்குடை வீரர்கள், பாசறையை விட்டு வெளியேறும்போது இப்பாடலைப் பாடிச் சென்றனர். காதலையும் கடந்த காலத்தையும் பற்றிய பாடல், ஒரு நாட்டின் விடுதலையை மறுத்தோர் வாயில் வீம்புப் பாட்டாயிற்று. அல்ஜீரியா 1962 ஜூலையில் விடுதலை பெற்றது. வட ஆப்பிரிக்க வேர் கொண்ட பாட்டியின் பேத்தி பாடிய பாட்டுக்கு நேர்ந்த இந்த முரணை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாடல் படைத்தவர் கையை விட்டு நீங்கியபின், யார் எதற்காகப் பாடுகின்றனர் என்பதே அதன் பொருளை மாற்றிவிடுகிறது. சொல்லைக் கையாள்வோர் அனைவரும் நெஞ்சில் நிறுத்தத்தக்க உண்மை இது.

மறைவு

1962 அக்டோபரில், தம்மினும் இருபது ஆண்டுகள் இளையவரான தியோ சராப்போவை மணந்தார். அதன்பின் நெடுநாள் வாழவில்லை. 1963 அக்டோபர் 10ஆம் நாள், தென் பிரான்சின் கிராஸ் நகருக்கு அருகே, கல்லீரல் நோயால் 47ஆம் வயதில் காலமானார். உடல் இரவோடிரவாகப் பாரிசுக்குக் கொண்டுவரப்பட்டு, மறுநாளே இறப்புச் செய்தி அறிவிக்கப்பட்டது. அதே 11ஆம் நாள் அவருடைய நண்பர் கொக்தோவும் இறந்தார்.

மணவிலக்குப் பெற்றவர் என்பதாலும் வாழ்ந்த முறையாலும் அவருக்கு இறுதித் திருப்பலி நிகழ்த்தப் பாரிஸ் திருச்சபைத் தலைமை மறுத்தது. ஆயினும் பல்லாயிரக்கணக்கான மக்கள் தெருக்களில் திரண்டு நின்றனர். பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், தந்தைக்கும் இரண்டு வயதில் இறந்த மகளுக்கும் அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார். 2013இல், மறைந்து 50 ஆண்டுகள் கழிந்தபின், பெல்வில் பகுதித் தேவாலயத்தில் அவருக்காக நினைவுத் திருப்பலி நிகழ்ந்தது. பெருஞ்செல்வம் ஈட்டியவர் விட்டுச் சென்றது கடன் மட்டுமே. வந்ததையெல்லாம் வாரி வழங்கிய கை அது.

நிறைவுரை

2007இல் அவர் வாழ்க்கை திரைப்படமாயிற்று. அதில் நடித்த மரியோன் கொத்தியார் ஆஸ்கர் விருது பெற்றார். ஆயினும் படத்தில் ஒலித்த பாடல்களில் பெரும்பாலானவை பியாஃபின் பழைய ஒலிப்பதிவுகளே. முகத்தை மற்றொருவர் தரலாம். குரலைத் தர இயலவில்லை. 2012இல் பத்ரீசியா காஸ் என்னும் பாடகி அவருடைய பாடல்களை மட்டுமே கொண்டு ஒரு தொகுப்பு வெளியிட்டார். 2024 ஜூலை 26ஆம் நாள் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில், நோயால் நெடுநாள் மேடை ஏறாதிருந்த பாப் பாடகி செலின் தியோன் ஈஃபில் கோபுரத்தில் நின்று பாடியது பியாஃபின் காதல் வாழ்த்துப் பாடலே ஆகும்.

ஒரு மனிதரின் வாழ்வை எடைபோடும் உரிமை இறைவனுக்கே உரியது. நமக்கு உரியது, அவர் விட்டுச் சென்ற நன்மையை அறிந்து போற்றுதலும், அவரை வீழ்த்தியவற்றிலிருந்து நம்மைக் காத்துக் கொள்ளுதலும் ஆகும். தாய் கைவிட்ட குழந்தை, தட்டேந்தி நின்ற சிறுமி, மகளை இழந்த தாய், சொல் ஒவ்வொன்றையும் பொருளுணர்ந்து பாடக் கற்ற மாணவி எனப் பல நிலைகளைக் கடந்து அவர் தம் தாய்மொழியை உலகின் செவியில் சேர்த்தார். அவர் இளமையில் காசு தண்டிய தட்டு என்றோ மறைந்து போயிற்று. அவர் குரல் பதிந்த தட்டு இன்றும் சுழன்றுகொண்டே இருக்கிறது.